கிணற்று மருந்தின் கறை

இளஞ்சிவப்புத் தண்ணீர் நிரம்பிய ஒரு பித்தளை வாளியும், அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மன்னியின் முகமும்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகின்றன. அந்த வருஷம் கும்ப மாதத்திலேயே, அதாவது மாசியிலேயே, வெயில் கடுமையாகிவிட்டது. சாலைக் கடைத்தெருப் பக்கம் இரண்டு மூன்று பேருக்கு வாந்திபேதி கண்டுவிட்டது என்று சுகாதார ஆபீஸ் ஆள் ஒருவர் ஸ்ரீவராகத்தில் வீடு வீடாக வந்து, கிணறுகளிலெல்லாம் மருந்து போட்டுவிட்டுப் போனார். "நெறம் போன பொறவு குடிக்கலாம், கேட்டீங்களா? அதுவரை தொடண்டாம்" என்று அவர் சொன்னதை அம்மா பாதிதான் காதில் வாங்கினாள். "சாயத் தண்ணியிலே சுவாமிக்கு அபிஷேகமா?" என்பதுதான் அவள் கவலை. வீட்டில் எல்லாரும் கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மன்னி மட்டும் ஒரு வாளி இறைத்து வைத்துக்கொண்டு, அது நிறம் மாறுவதைப் பார்க்கக் காத்திருந்தாள்.

மன்னி என்பது என் அண்ணாவின் மனைவி. நாஞ்சில் நாட்டிலிருந்து பதின்மூன்று வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. மூன்று மாதம் அவள் பெரியவள். ஊரில் ஏழாம் கிளாஸ் வரை படித்திருந்தாள். நான் காலேஜில் ரசாயனம் எடுத்துக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே கூரைக்குக் கீழே ஒரே வயதுள்ள இரண்டு பெண்களில் ஒருத்தி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதும், மற்றவள் அவளுக்கு டிபன் கட்டிக் கொடுப்பதும் அந்த நாளில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வாளியைப் பார்த்ததும் எனக்குப் படிப்பு பீறிக்கொண்டு வந்தது. "அது பொட்டாசியம் பெர்மாங்கனேட்" என்றேன். "கிணத்து மருந்துன்னா போறாதோ? இத்தனூண்டு பொடிக்கு அத்தனை நீளப் பேரா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி வாளிக்குள் பார்க்கத் தொடங்கினாள்.

நான் உரக்கப் படிக்கிறவள். உப்புகளை இனம் காணும் அட்டவணைகள் அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொப்பனத்திலும் வரும். எந்த உலோகம், எந்த உப்பு, என்ன நிறம், அமிலம் விட்டால் என்ன, காரம் விட்டால் என்ன என்று கூடத்தில் உலாத்திக்கொண்டே ஒப்பிப்பேன். அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டே மன்னி கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஒரு வரி விட்டுவிட்டால் உள்ளேயிருந்து அந்த வரி வரும். காப்பர் சல்பேட் அவளுக்கு மயில்துத்தம். இரும்பு சல்பேட் அன்னபேதி. அமோனியம் குளோரைடு நவச்சாரம். சாலையில் அங்காடி மருந்துக் கடைக்காரன் பொட்டலம் கட்டித் தரும் பெயர்கள் அவை. அந்தப் பெயர்களில் சேராத ஒன்று மாங்கனீஸ்தான். அதற்கு வீட்டில் பெயர் இல்லை. அதனாலேயோ என்னவோ அதன் மேல் அவளுக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். டை ஆக்ஸைடு என்றால் கறுப்பு, மாங்கனேட் என்றால் பச்சை, பெர்மாங்கனேட் என்றால் ஊதா, மாங்கனஸ் சல்பேட் என்றால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு ரோஜா நிறம். "எல்லாம் ஒரே ஆள்தானா?" என்று கேட்டாள். ஒரே ஆள்தான், கூடச் சேருகிற ஆக்ஸிஜனின் அளவைப் பொறுத்துப் பெயரும் நிறமும் மாறும் என்றேன். "சரிதான். எங்காத்துல இருந்தப்போ நான் ஒரு நிறம். இங்கே வந்தப்பறம் ஒரு நிறம். நாளைக்கு மாமியாரானா இன்னொண்ணு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் பேராசிரியர் அதே பாடத்தை ஒரு வாரம் நடத்தினார்.

சொல்லிக் கேட்டதோடு அவள் விடவில்லை. சுகாதார ஆபீஸ் ஆள், இன்னொரு தடவை போடுவதற்கென்று ஒரு பொட்டலம் மருந்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அது மன்னியின் வசம் வந்தது. வீட்டில் சோப்பு காய்ச்சுவதற்காக வைத்திருந்த காரத்தைக் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் கிணற்று மருந்தும் போட்டு, ஊதா நிறம் நீலமாகிப் பச்சையாகிக் கடைசியில் பழுப்பாகிப்போவதை ஒரு கண்ணாடி டம்ளரில் எனக்குக் காட்டினாள். நான் அதைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். இன்னொரு நாள் அம்மாவின் வெள்ளை மேல்துண்டில் அந்த மருந்துத் தண்ணீர் பட்டுப் பழுப்புக் கறை விழுந்துவிட்டது. பார்த்ததும் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "அது டை ஆக்ஸைடு. தண்ணியிலே கரையாது. துண்டு போச்சு." மன்னி சோப்பு, சீயக்காய், சாம்பல் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்ததும் கறை போன இடம் தெரியவில்லை. மறுநாள் காலை அந்தத் துண்டை என் மேஜை மேல் மடித்து வைத்திருந்தாள். கறை எப்படிப் போயிற்று என்று அம்மா கேட்கவே இல்லை. போனால் போதும் அவளுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வரன் வந்தது. பையனுக்குப் பம்பாயில் உத்தியோகம். ஒரு மாத லீவில் வந்திருந்தான். மேட மாதம், நம் சித்திரை, முதல் வாரத்திலேயே முகூர்த்தம் வைத்துப் பெண்ணைக் கையோடு அழைத்துப் போக வேண்டும் என்றார்கள். என் செய்முறைப் பரீட்சையும் அதே வாரத்தில்தான். அப்பா ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் தலைமை ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பில் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான் வீட்டிலும் பேசுவார். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும். இந்த மாதிரி இடம் வருமா?" என்றார். அடுத்த வருஷம் நான் பம்பாயில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு வருஷப் படிப்பு ஒரு வாரத்தில் கைநழுவப் போகிறது. ஆனாலும் அப்பாவுக்கு எதிரில் நின்று மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றடியில் போய் அழுதேன். மன்னி துணி பிழிந்துகொண்டிருந்தாள். "பொண் பார்க்க என்னிக்கு வரா?" என்று மட்டும் கேட்டாள். வியாழக்கிழமை என்றேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். பையன் வரவில்லை; அந்த நாள் வழக்கம் அப்படி. அவனுடைய அப்பாவும், அவன் அத்தையும், இன்னும் ஒரு பெரியவரும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா முன்னால் ஓடினாள். மன்னி என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு கற்சட்டியில் தண்ணீர் கலக்கி வைத்திருந்தாள். தண்ணீர் என்று சொன்னால் பொய்; அது கறுப்புத் திராட்சைச் சாறு மாதிரி இருந்தது. "கையை விடு. கண்ணை மூடிண்டு நூறு எண்ணு" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். தற்செயலாக நடந்தது, எனக்குத் தெரியாமல் நடந்தது என்றெல்லாம் பிற்காலத்தில் நான் நினைத்துக்கொள்ள முயன்றது உண்டு. அப்படி இல்லை. அந்த நிறத்தைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துதான் கையை விட்டேன். எடுத்தபோது ஊதாவாக இருந்த விரல்கள், துடைத்துவிட்டுக் காப்பித் தட்டை எடுப்பதற்குள் கருகிய பழுப்பாகிவிட்டன. மன்னியின் கைகளும் அதே நிறத்தில்தான் இருந்தன. கலக்கியபோது பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

கூடத்தில் அம்மா என் கையைப் பார்த்தவுடன் முகம் வெளுத்துப்போனாள். "தலைப்பால மூடிக்கோடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். டம்ளரை நீட்டும் கையை எப்படி மூடுவது? பையனின் அத்தை காப்பியை வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதென்ன?" என்றாள். "காலேஜ்ல மருந்து கொட்டிடுத்து. அலம்பினாப் போயிடும்" என்று அம்மா திணறினாள். "போகும்னா அலம்பிக் காட்டச் சொல்லுங்கோ" என்றாள் அத்தை. மன்னி யாரும் சொல்லாமலே செம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள். சீயக்காயும் கொண்டுவந்தாள். என் கையை அவ்வளவு பேருக்கு முன்னால் அவ்வளவு சிரத்தையாகத் தேய்த்தாள். கறை துளிக்கூடப் போகவில்லை. அம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் இருந்தன. விருந்தாளிகளுக்குக் கொடுக்க எப்போதும் வைக்கிற எலுமிச்சம்பழத்தைக் காணோம். "எங்கேடி எலுமிச்சம்பழம்?" என்று அவள் கேட்டது மரியாதை குறைந்துவிட்டதே என்ற பதற்றத்தில்தான். "வாங்க மறந்துட்டேன்மா" என்றாள் மன்னி. அத்தை என் கையை விட்டுவிட்டுத் தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதவில்லை.

அவர்கள் வண்டி பழவங்காடி தாண்டியிருக்காது, மன்னி அரிசிப் பானைக்குள்ளிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கினாள். அப்பாவும் அம்மாவும் கூடத்தில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். என் கையை முதலில் தேய்த்துச் சுத்தம் செய்தாள். பழம் அதோடு தீர்ந்துபோயிற்று. தன் கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மேட மாதம் முதல் வாரத்தில் நான் பரீட்சை எழுதினேன். எனக்கு வந்த உப்பில் துத்தநாகம் இருந்தது. இரண்டாம் நாள் ப்யூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண வேண்டியிருந்தது. இரண்டையும் தப்பில்லாமல் செய்தேன். பாஸானேன்.

அந்தச் சிரிப்போடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். பையனின் அத்தைக்குக் கோட்டைக்குள்ளே உறவுக்காரர்கள் உண்டு; பேசாமல் இருக்கிறவளும் இல்லை. கோட்டைக்குள்ளிருந்து ஸ்ரீவராகம் வரை, எங்கள் வீட்டில் ஏதோ தோல் வியாதி இருக்கிறது என்று ஒரு பேச்சு பரவிற்று. அந்த நாளில் கையில் ஒரு மச்சம் பெரிதாக இருந்தாலே ஜனங்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி மெதுவாக விசாரிக்க வந்தாள். என் கை பளிச்சென்று இருந்தது. மன்னியின் விரல்களில் பழுப்பு இன்னும் மீதி இருந்தது. அம்மா என்னை அருகில் நிறுத்திக்கொண்டு, என் இரண்டு கைகளையும் மாமிக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "எங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை. மாட்டுப்பொண்ணு கையிலேதான் என்னவோ. அவாத்துல இருந்து வந்ததோ என்னமோ" என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. எனக்கு இன்னொரு வரன் வர வேண்டுமே என்ற பயம் அவளுக்கு.

மன்னி அடுக்களையில் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது கிணற்று மருந்து, ஒரு பழத்தைத் தேய்த்தால் போய்விடும் என்று. ஆனால் அதைச் சொன்னால் அப்பாவுக்கு அடுத்த கேள்வி தயாராக இருந்திருக்கும்: அப்படியானால் அன்றைக்கு ஏன் தேய்க்கவில்லை? பரீட்சைக்கு அப்போது இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்ததும் ரிசல்ட் வரட்டும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். மன்னியின் கறை நாலைந்து நாளில் போய்விட்டது; பேச்சுப் போகவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் அவளை யாரும் சுமங்கலிப் பிரார்த்தனைக்குக் கூப்பிடவில்லை. அப்பளம் இட எல்லா வீட்டுப் பெண்களும் சேரும்போது, "நீ பாவம், ஆத்து வேலையைப் பாரு" என்று இதமாக ஒதுக்கினார்கள். அவள் கலந்த சாதத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வாங்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அண்ணா ஒருநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினான். டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அதையும் யாரும் நம்பவில்லை. ஒன்றும் இல்லாமலா டாக்டரிடம் போனாள் என்றார்கள்.

என்னிடம் அவள் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். வடாம் காயப்போட்ட வீடுகளிலிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. "இந்தக் கறைக்கு உங்க புஸ்தகத்துல ஏதாவது ஆசிட் போட்டிருக்காளோ?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றும் தாளவில்லை. "உங்க காலேஜ்ல அந்த பாட்டிலெல்லாம் ஒரு தடவை பார்க்கணும்டி" என்று அதே மூச்சில் கேட்டாள். ஆகட்டும் என்றேன்.

அந்த வாக்கை நிறைவேற்ற எனக்குப் பல வருஷம் ஆயிற்று. நான் அதே காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்துவிட்டேன். பிறகு கல்யாணமும் ஆயிற்று. மன்னியும் ஒவ்வொரு வருஷமும் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவாள். நானும் ஏதாவது காரணம் சொல்வேன். உண்மையான காரணம் வேறு. மடிசாரும் மஞ்சள் பூசிய முகமுமாக அடுக்களையிலிருந்து வருகிற ஒருத்தியை என் மாணவிகள் முன்னால் அழைத்துப் போகக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்த வீட்டுக் கிணற்றுக்கு மேல் இரும்பு வலை போட்டுவிட்டார்கள். குழாயைத் திருகினால் மருந்து போட்டே வரும் தண்ணீர், எந்த நிறமும் காட்டுவதில்லை. அந்தக் கூச்சத்தை நினைத்தால் மட்டும் இந்த வயதிலும் எனக்கு முகம் சுடுகிறது.

கடைசியில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு விஜயதசமியன்று அழைத்துப்போனேன். லீவு நாள், காலேஜில் ஈ காக்கை இல்லை. லேபரட்டரிச் சாவி என்னிடம் இருந்தது. மன்னி அலமாரிகளுக்கு முன்னால் மெதுவாக நடந்தாள். எதையும் தொடவில்லை. சீட்டுகளை எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் வாசித்தாள். "மயில்துத்தம் பொடி பண்ணாம இருந்தா இத்தனை அழகா?" என்றாள். மாங்கனீஸ் உப்புகள் இருந்த தட்டுக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். "எல்லாரும் ஒரே வரிசையிலே உக்காந்திருக்கா பாரு" என்றாள், விசேஷத்தில் உறவுக்காரர்களைப் பார்த்தவள் போல.

நான் ப்யூரெட்டில் பெர்மாங்கனேட்டை நிரப்பி, குடுவையில் ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுடவைத்துக் கொடுத்தேன். திருகைத் திறக்கும் விதத்தைக் காட்டினேன். முதல் சொட்டு விழுந்து ரோஜா நிறமாக நின்றது. குலுக்கக் குலுக்கத் தயங்கித் தயங்கி மறைந்தது. பிறகு விழுந்த சொட்டுகள் விழுந்த மாத்திரத்தில் மறைந்தன. "மொதல் சொட்டுக்குத்தான் யோசனை போல இருக்கு" என்றாள் மன்னி. என் மாணவிகளில் பாதிப் பேர் கடைசிச் சொட்டைத் தாண்டிப்போய்த் தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டு விழிப்பார்கள். அவள் தாண்டவில்லை. நிறம் போகாமல் தங்கிய அந்த ஒரு சொட்டில் திருகை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

"அளவு நன்னாத் தெரிஞ்சிருக்கே உனக்கு" என்றேன்.

"தெரியாம? அன்னிக்கு உன் கைக்குக் கலக்கினது மூணாவது தடவை" என்றாள் அவள், குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே. "மொதல்ல கலக்கினது போறலை. குளிச்சா பாதி போயிடுத்து. ரெண்டாவது ரொம்ப ஜாஸ்தி, எரிச்சல் தாங்கலை. தோல் உரிஞ்சுடுத்து. அதான் அப்பறமும் அதிலே எலுமிச்சம்பழம் தேய்க்க முடியலை."

"எதிலே போட்டுப் பார்த்தே?"

"வேற எதிலே? என் கையிலேதான். நீ வியாழக்கிழமைன்னு சொன்ன அன்னிலேர்ந்து தினம் பார்த்திண்டிருந்தேன். உன் கை வெந்துடுத்துன்னா பரீட்சைல இந்தக் குழாயை எப்படிடி பிடிப்பே?"

கலக்கியபோது பட்ட கறை என்றுதான் நான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எனக்காகத் தன் கையைச் சுட்டுக்கொண்டு பார்த்த கறை அது. அதைத்தான் ஊர் ஒரு வருஷம் வியாதி என்று சொல்லிற்று; அதைத்தான் என் அம்மா அவள் பிறந்த வீட்டின் தலையில் போட்டாள்; அப்போது நான் சுத்தமான இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். மன்னி என்று கூப்பிட்டேன்.

"இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டிவிட்டுப் ப்யூரெட்டை மறுபடி நிரப்பினேன். கண்ணில் நீர் நின்றதால் எனக்குக் குழாயின் அளவுக் கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. மன்னிதான் குனிந்து பார்த்து, பூஜ்யத்துக்கு வந்தாயிற்று, நிறுத்து என்றாள்.